ரோஹிணியின் ஆராய்ச்சியை நான் எடுத்துச் சொன்னது

8 நவம்பர் 2005

சுமோவுக்குப் புது சீட் கவர். எங்கள் கட்கி பஜாரே திரும்பிப் பார்த்தது. பார்த்தவர்களில் ஒரு கர்னலும் உண்டு. சரி, கர்னல் மாதிரி மீசை வைத்த ஒருவர்.

தங்கை பார்வதியின் மகள் ரோஹிணி எய்ட்ஸ் ஆராய்ச்சி செய்கிறாள். அவளுடைய லேப் மொத்தமும் பான்ஷெத் ஏரிக்கரையில் ஒரு விடுதியில் தங்கி, செய்த வேலையைப் பற்றிப் பேசப் போகிறதாம். ஆளேற்றிப் போக என் வண்டி. அந்த மலைப்பாதையில் வேறு எவன் ஓட்டுவான்?

டீக்கடையில் சிநேகிதர் இருதயராஜிடம், "மருந்து கண்டுபிடிச்சாச்சு, அறிவிக்கத்தான் போறாங்க" என்றேன். டீயைக் கீழே வைத்துவிட்டார்.

வீட்டில் மனைவி மல்லிகா கேட்டாள்: "அந்தப் பொண்ணு அப்படியா சொல்லிச்சு?"

சொல்லவில்லை. சொல்லாமலா போய்விடுவாள்?

14 நவம்பர்

ரோஹிணி வந்தாள். அவர்களுடைய லேப் தலைவர் தேவ்தர் மேடம் ஒரு வழக்கம் வைத்திருக்கிறாராம். ஒவ்வொருவரும் தன் ஆராய்ச்சியை லேபுக்குச் சம்பந்தமில்லாத ஓர் ஆளுக்கு விளக்க வேண்டும். அந்த ஆள் சபையில் எழுந்து அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால், விளக்கியவருக்குப் பேச இடமில்லை. இந்தப் பேச்சுகளைக் கேட்டுத்தான் டெல்லி மாநாட்டுக்கு ஆள் எடுப்பார்களாம். ரோஹிணிக்கு அதில் உயிர்.

"என்னை விட்டா யாரு இருக்கா கண்ணு?"

"அதான் மாமா பயமா இருக்கு. நான் சொன்னதை மட்டும் சொல்லணும்."

எட்டாவதோடு நின்ற எனக்கும் புரிகிற மாதிரிதான் சொன்னாள். நான் பத்தாவது படித்தவனுக்குப் புரிகிற அளவுக்கே புரிந்துகொண்டேன்.

16 நவம்பர்

ஒத்திகை. நடுவில் குரங்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். குரங்கு இருந்தால் கதை எடுப்பாக இருக்கிறதே என்றேன். குரங்கு போச்சு.

19 நவம்பர், பான்ஷெத்

எழுதவே கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

வரும்போது முன் சீட்டில் சந்திரிகா. விஷ்ராந்த்வாடிக்காரர், நம்ம தமிழ் ஆள். எச்.ஐ.வி. உள்ளவர்களின் சங்கத்திலிருந்து அவரை அழைத்திருந்தார்கள், கேட்கவும் கேள்வி கேட்கவும். வழியில் மாத்திரை போட்டுக்கொண்டார். "இதைப் போட்டா குடலே வெளிய வர்ற மாதிரி இருக்குண்ணே" என்றார். நான் ஒரு சிறுத்தையை விரட்டிய கதை சொன்னேன். சிரித்தார்.

சபையில் என் முறை. இந்தியில் சொன்னேன். ஆரம்பம் பிரமாதம். "சில பெண்களுக்கு, புருஷனுக்கு எச்.ஐ.வி. இருந்தும் பல வருஷமாகத் தொற்றவே இல்லை. அவர்கள் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று ரோஹிணி தேடுகிறாள்." மேடம் தலையசைத்தார். அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். எல்லா முகமும் என்னையே பார்க்கிறது — எப்படி உட்காருவது? "தேடினது கிடைச்சாச்சு. ஒரே ஊசி. நோய் போயே போச்சு" என்றேன்.

ரோஹிணி தலை குனிந்தாள்.

சந்திரிகா தமிழில் கேட்டார்: "அப்ப நான் மாத்திரையை நிறுத்திடலாமாண்ணே?"

விளையாட்டில்லை. முகத்தில் அப்படி ஓர் ஆசை. ஐயோ, நான் என்ன பண்ணி வெச்சேன்?

"நிறுத்தாதம்மா. ஊசி கிடையாது. அது நானா சேத்தது."

பிறகு எல்லோருக்கும் இந்தியில் சொன்னேன். அந்தப் பெண்களில் சிலருடைய ரத்தத்தில் ஒரு வித்தியாசம் தெரிகிறது. அதுதான் காப்பாற்றுகிறதா, தெரியாது. அதிலிருந்து மருந்து வருமா, தெரியாது. எப்போது, அதுவும் தெரியாது. ஒரே மூச்சில் இத்தனை 'தெரியாது' என் வாயிலிருந்து வந்ததே இல்லை.

இரண்டாவது சொன்னது சரி என்றார் மேடம். ஆனால் முதலில் சொன்னதும் காதில் விழுந்துவிட்டதே என்றார். ரோஹிணிக்குப் பேச இடமில்லை.

20 நவம்பர்

திரும்பும்போது ரோஹிணி முன்னால் உட்கார்ந்தாள். கடக்வாஸ்லா வரை பேசவில்லை. நானும் பேசவில்லை, வண்டி ஏதோ ரிப்பேர் என்று பின்னால் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். அணைக்கரையில் சுட்ட சோளம் விற்றார்கள். நிறுத்தச் சொன்னாள்.

"மாமா, ஊசின்னு சொல்லிட்டு நீங்க அப்படியே உட்கார்ந்திருந்தா அந்த அக்கா மாத்திரையை நிறுத்தியிருப்பாங்க."

"ம்."

"அதை நினைச்சா டெல்லி பெருசா தெரியல. ஆனா கோபம் போகல. ரெண்டு சோளம் வாங்குங்க. ரெண்டும் எனக்கு."

வாங்கினேன்.

22 நவம்பர்

டீக்கடைக்குப் போய் இருதயராஜிடம் மருந்து இல்லை என்று சொன்னேன். கடையே சிரித்தது. சிறுத்தையை விரட்டிய கதையும் சொன்னேன், அதை மட்டும் நம்பினார்கள்.

13 டிசம்பர்

சந்திரிகாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். வாந்தி வருகிறது என்றதும் மாத்திரையை மாற்றித் தந்திருக்கிறார்கள். டெல்லிக்கு வேறொரு பையன் போகிறானாம்.

9 மார்ச் 2006

சாயங்காலம் லேபிலிருந்து ரோஹிணி போன் செய்தாள்.

"மாமா, இன்னிக்கு ஒண்ணு பாத்தேன். உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன்."

நிதானமாகச் சொன்னாள். திருப்பிச் சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

"கரெக்ட்டா இருக்கு மாமா. அடுத்த தடவையும் நீங்கதான் வரணும்."

என்ன சொன்னாள் என்று மல்லிகா கேட்டாள். இன்னும் சரிபார்க்கணுமாம் என்று மட்டும் சொன்னேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அது என்னவென்று இங்கேயும் எழுதவில்லை.