இரண்டு பெட்டிகளுக்கு நடுவே உன் குரல்

என் கண்ணு வாணிக்கு,

இன்று ஞாயிற்றுக்கிழமை. கீழ்த்தளத்தில் பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின்கள் ஓடவில்லை. மாடியில், நம் ஒலிப்பதிவு ஸ்டுடியோ அறையில் தனியாக உட்கார்ந்திருக்கிறேன். பயமாக இருக்கிறது. இருக்கிறவர்களிடம் சொல்ல வாய் வரவில்லை, அதனால் உனக்கு எழுதுகிறேன்.

முதலில் செய்தி. நீ வாங்கி வந்த இரண்டு குட்டி ஸ்பீக்கர்களும் இன்னும் பாடுகின்றன. பத்து வருடம் ஆகப்போகிறது. வெளியூரில் பதிவு என்றால் சாப்பாட்டுப் பைக்குள் இரண்டையும் போட்டு, பஸ்ஸில் மடத்துக்குளம் வரை மடியிலேயே வைத்துக்கொண்டு போவாயே. இப்போதும் காலி நூல் கோன்களின் மேல்தான் நிற்கின்றன, என் காது உயரத்துக்கு. எதிரொலி வராமலிருக்கச் சுவரில் நீ அடைத்த பனியன் வேஸ்ட் மூட்டைகளும் அப்படியே இருக்கின்றன. அடையாளத்துக்கு இடது பெட்டியில் நீ கட்டிய சிவப்பு நூல் மட்டும் வெளுத்து ரோஸ் ஆகிவிட்டது.

"குட்டிப் பெட்டிங்க்கா, இதுல தும் தும்முங்கற அடிச் சத்தம் கேக்காது. கேக்காததையும் நெனப்புல வெச்சுட்டுத்தான் மிக்ஸ் பண்ணோணும்" என்பாய். நான் கேட்காததை நினைவில் வைத்துக்கொள்ளவில்லை, வாணி. மறைத்துக்கொண்டேன்.

நான்கு மாதமாக இடது பக்கம் மங்கலாகக் கேட்கிறது. போர்வைக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி. பெட்டிக்கு வயதாகிவிட்டது என்று நினைத்து, மிக்ஸ் செய்யும்போது இடது பக்கத்தில் கூர்மையான சத்தத்தைக் கூட்டிக் கூட்டி வைத்தேன். ஒருவரும் குறை சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்? நம் வேலையில் பாதி காதர்பேட்டைக் கடைகளுக்கான ஆட்டோ விளம்பரம். ஆட்டோவின் தலையில் ஒரே ஒரு ஒலிபெருக்கிக் குழாய். அதற்கு இடது ஏது, வலது ஏது?

கண்டுபிடித்தது ஸ்டெல்லாதான். கணியூர் சர்ச்சில் பாடுவாளே, அந்தப் பெண். இப்போது சொந்தமாக எட்டுப் பாட்டு எழுதி நம்மிடம் பதிவு செய்கிறாள். முதல் பாட்டை இயர்போனில் கேட்டுவிட்டுப் போன் செய்தாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. பாட்டு நல்லாருக்குதுங்க. ஆனா ஒரு காதுல மட்டும் கீச்சுங்குது."

"எந்தக் காதுல கண்ணு?"

"எடதுங்க. அந்தப் பக்கம் என்ற கூட ஒரு கொசுவும் சேந்து பாடுதுங்க்கா."

சிரித்தேன். "ஸ்பீக்கர் பழசாயிருச்சு, சரி பண்ணிக் குடுக்கறேன்" என்றேன். மறுநாளே அந்தப் பெட்டியை ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் பிரித்துப் பார்த்து, இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார்.

"பெட்டி ஜம்முனு பாடுதுங்க. உள்ள பனியன் பஞ்சுதான் கெடந்துச்சு. இன்னும் பத்து வருசம் சேத்தீங்கன்னா ஒரு தலகாணிக்கு ஆகும்."

"நல்லாப் பாத்தீங்களா? மங்கலா இருக்குதுங்களே."

"இல்லீங்க, குத்தமே இல்லீங்க. வேணும்னா ரெண்டையும் எடம் மாத்தி வெச்சுக் கேட்டுப் பாருங்க."

பெட்டியை வாங்கி வந்து பழைய இடத்திலேயே வைத்தேன். இடம் மாற்றிக் கேட்பது உன் பழக்கம் அல்லவா? மாதம் பிறந்தால் பெட்டிகளை இடம் மாற்றி வைத்து, உன் குரலை ஓட விடுவாய். "அக்கா, நடுவுல கேக்குதா?" ஐந்து நொடிப் பதிவு, இரண்டு பெட்டியிலும் ஒரே அளவில். எல்லாம் சரியாக இருந்தால் குரல் இடதிலும் வராது, வலதிலும் வராது. ஒன்றுமே இல்லாத நடு இடத்தில் வந்து நிற்கும். நான் "கேக்குது" என்பேன். நீ அடுத்த வேலைக்குப் போய்விடுவாய்.

நீ போனபின் இரண்டு வருடமாக அந்தப் பதிவை நான் திறக்கவே இல்லை. உன் குரலைக் கேட்கத் தைரியம் இல்லை என்றுதான் எனக்கே சொல்லிக்கொண்டேன். இந்த நான்கு மாதமும் காரணம் அது மட்டும்தானா? பெட்டியை மாற்றி வைத்தும் மங்கல் இடது பக்கமே நின்றுவிட்டால், பழுது பெட்டியில் இல்லை என்று ஆகிவிடுமே. வார நாளில் கீழே மெஷின் சத்தம், எப்படிச் சோதிப்பது என்பேன். ஞாயிறானால் துணி துவைக்க இருக்கிறது என்பேன்.

நீயும் இப்படித்தானே, கண்ணு? அந்தத் தீபாவளி சமயத்தில், மார்பில் ஒரு கட்டி என்று என் கையைப் பிடித்து வைத்துக் காட்டினாய். விளம்பர வேலை தலைக்குமேல் கிடந்தது. "சீசன் முடியட்டுங்க்கா, போலாம்" என்றாய். நான் "சரி" என்றேன். சீசன் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது காலம் கடந்திருந்தது. அந்தச் "சரி"யை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

இவ்வளவு எழுதிவிட்டு எழுந்தேன். பெட்டிகளை இடம் மாற்றினேன். சிவப்பு நூல் வலது பக்கம் வந்தது. உன் பதிவை ஓடவிட்டேன்.

"அக்கா, நடுவுல கேக்குதா?"

இல்லை. வலதுபுறம், ஜன்னல் பக்கம் ஒதுங்கி நின்று கேட்டாய். பெட்டியை மாற்றியும் மங்கல் இடதிலேயே இருந்தது.

அப்போதும் மனம் ஒத்துக்கொள்ளவில்லை. வயராக இருக்கலாம், கம்ப்யூட்டராக இருக்கலாம். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, பெட்டிகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். திரும்பத் திரும்ப ஓடும்படி விட்டேன். ஜன்னல் பக்கம் நின்ற குரல் இப்போது அறையின் மறுபுறம், கதவுப் பக்கம் போய்விட்டது. என் வலது காது எங்கே போனதோ, அங்கே.

"இல்ல கண்ணு, நடுவுல இல்ல" என்று வாய்விட்டுச் சொன்னேன். முதுகுக்குப் பின்னால் நீ மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டிருந்தாய். நிறுத்த எனக்குக் கை வரவில்லை. இன்னொரு காதும் இப்படியே போகுமா? போனால் நீ எங்கிருந்து கேட்பாய்?

பிறகு ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன். "பெட்டி இல்ல ஸ்டெல்லா. என்ற காதுதான்" என்றேன். அவள் உடனே கேட்டாள்.

"ஆஸ்பத்திரிக்கு எப்பங்க போறீங்க?"

"உன்ற பாட்டெல்லாம் முடியட்டும் கண்ணு, அதுக்கப்பறம்..." என்று தொடங்கிவிட்டேன், வாணி. அச்சு அசலாக உன் குரல். பாதியில் வாய் நின்றுவிட்டது.

"அக்கா? இருக்கறீங்களா?"

"இருக்கறேன். நாளைக்கே போறேன்."

"நானும் காலைல மொத பஸ்ஸுக்கு வர்றனுங்க. தனியாப் போகாதீங்க. டாக்டர் சொல்றதுல பாதிய உங்க எடது காதுல உட்டுட்டு வந்துருவீங்க."

இந்தத் தடவை நிஜமாகவே சிரித்தேன். 

நாளை என்ன சொல்வார்களோ தெரியாது. ஆனால் போவேன். மாதம் பிறந்ததும் பெட்டிகளை இடம் மாற்றி வைத்து நடுவில் வந்து உட்காருவேன். நீ கேட்கும்போது, கேட்டால் கேட்கிறது என்பேன், கேட்காவிட்டால் இல்லை என்பேன். இனி உன்னிடம் வெறுமனே "சரி" என்று சொல்லமாட்டேன்.

இந்தத் தடவை சீசன் முடியக் காத்திருக்காத,
உன் அக்கா