நுனியில் ஒடிந்த அலுமினியம்

சார்,

உங்கள் நினைவுக் கூட்டம் முடிந்து பழங்காநத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது திராட்சைக் குச்சி ஐஸ் வாங்கினேன். உறிஞ்ச உறிஞ்ச நிறமும் இனிப்பும் வாய்க்கு வந்துவிட்டன. குச்சியில் எஞ்சியது வெள்ளைக் கட்டி. உங்கள் ஆய்வகம் கண்முன் வந்தது.

யார் வந்தாலும் அதே வித்தை. பாதி உருகிய அலுமினியக் கட்டி ஒழுகாமல் நிமிர்ந்து நிற்கும். அதைக் கத்தியால் வெண்ணெய்போல் அறுத்துக் காட்டுவீர்கள். கைதட்டுவார்கள். அச்சுக்குள் அது எப்படி ஓடுகிறது என்பதில் உங்களுக்கு அக்கறை இருந்ததில்லை. கட்டியை அச்சுக்குள் தள்ளும் பழைய பிரஸ்ஸை வேகமாக ஓட்டினால் ஆடும். விருந்தினர் முன் ஆடினால் மானம் போய்விடும். ஆகவே மெதுவாகத் தள்ளச் சொன்னீர்கள். மெதுவாகத் தள்ளினால் உருகிய பகுதி மட்டும் முன்னால் ஓடி நுனியில் சேரும், உருகாத மணிகள் பின்தங்கிவிடும். குச்சி ஐஸ் கதைதான். ஒரு கம்பெனிக்காக அப்படி வார்த்த பைக் பிரேக் லீவரின் நுனி பளபளவென்று வந்தது. வளைத்தேன், அப்பளமாய் ஒடிந்தது.

"நுனிய ஏம்மா நோண்டுறீங்க? நடுவுல வெட்டி டெஸ்ட் பண்ணுங்க. கம்பெனிக்கு அம்புட்டுத்தான் வேணும்."

"விரலு நுனியிலதான சார் படும்?"

"முறுக்குப் பிழியிற கை எனக்கு அழுத்தத்தப் பத்திப் பாடம் எடுக்குது!"

ஆய்வகமே சிரித்தது.

"முறுக்கக்கூட தின்னு பாத்துட்டுத்தான் சார் அடுத்தவங்களுக்குக் குடுப்போம்" என்றேன். இதற்கு யாரும் சிரிக்கவில்லை.

நடுப்பகுதிச் சோதனையை மட்டும் சொன்ன அறிக்கையில் நான் கையெழுத்திடவில்லை. என் ஆய்வைப் பிடுங்கி வேறொருவருக்குக் கொடுத்தீர்கள், அவர் கையெழுத்திட்டார். எனக்குப் பட்டம் கிடைக்கவில்லை. லீவர் கம்பெனிக்குப் போனது.

இன்று மேடையில் ஒருவர், "சார் மாணவர்களுக்காக உருகுவார்" என்றார். பாதிதான் உருகுவீர்கள் என்று அவருக்குத் தெரியாது. எங்கள் முன் கட்டியாக நிற்பீர்கள். கம்பெனிக்காரர் கொஞ்சம் அழுத்தினால் மோராக ஓடுவீர்கள். என்னையும் இரண்டு வார்த்தை பேசக் கூப்பிட்டார்கள். எழவில்லை. செத்தவரைப் புகழ எனக்கு வராது. திட்டும் அளவுக்கும் நீங்கள் பெரியவரில்லை.

அந்த லீவர்கள் எந்தெந்த வண்டியில் இருக்கின்றன என்று தெரியாது. சிக்னலில் பக்கத்தில் பைக் வந்து நின்றால் என் கண் ஓட்டுபவரின் விரல்களுக்குத்தான் போகிறது.

ஆனையூரில் இறங்கினேன். தம்பி புது பைக்கோடு நின்றான்.

"ஏறுக்கா, போவோம்."

லீவரின் நுனியைப் பிடித்து வளைத்துப் பார்த்தேன்.

"வண்டி புதுசுக்கா!"

"அதனாலதான்டா" என்று இன்னொரு முறை வளைத்துவிட்டு ஏறினேன்.