மட்டிக்குலை தொங்கிய நீராவிக்குழாய்

இன்று காலை யாரோ வாசலில் ஒரு மட்டி வாழைக்குலையை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வீடெங்கும் பழவாசனை. கூடவே சூடான இரும்பின் வாசனையும் வந்திருந்தால் நீதான் வந்திருக்கிறாய் என்று எழுந்து பார்த்திருப்பேன்.

சுசீந்திரத்துக்குப் பக்கத்து அரிசி ஆலை. நம் ஊர் மலையாளத்தோடு இருக்குமா, மதராஸோடு சேருமா என்று டீக்கடைதோறும் தீர்ப்பு வழங்கிக்கொண்டிருந்த காலம். நெல் அவிக்கும் நீராவிக்கு நீ கொதிகலனில் தீ போட்டாய். நாகர்கோவில் பட்டறை ஒன்றில் நான் அதே கொதிகலனின் புதுக் குழாய்க்குக் கணக்குப் போட்டேன். பள்ளியில் இருவரும் ஒரே பெஞ்சு. எனக்குக் கணக்கு வந்தது, உனக்குச் சந்தேகம் வந்தது.

கொதிகலனின் உடம்பு உறுதியானது. ஓட்டை போட்டுக் குழாயின் கழுத்தைப் பற்றவைக்கும் இடத்தில்தான் வம்பு. வெட்டியெடுத்த தகட்டின் பலத்தைக் கழுத்தைச் சுற்றி வைக்கும் பட்டைத் தகடு ஈடுசெய்ய வேண்டும். போதாததற்குக் குழாயும் தன் எடையால் கழுத்தை வளைக்கப் பார்க்கும். அந்த வேதனை நாலு விரற்கடை தாண்டினால் தகட்டில் கரைந்துவிடும். அதற்குள்ளே மன்னிப்புக் கிடையாது. நீராவியின் அழுத்தம், குழாயின் எடை, அது நீண்டிருக்கும் தூரம் என்று எல்லாவற்றையும் ஸ்லைடு ரூலில் பார்த்து, பட்டையின் கனத்தை முடிவுசெய்து கையெழுத்துப் போட்டேன். அழகான கையெழுத்து.

குழாய் பொருத்திய மறுவாரம் நீ பட்டறைக்கு வந்தாய்.

"மக்கா, ஒன் கணக்குல வாழக்குலை உண்டா?"

கேலி என்று நினைத்தேன். வந்து பார்த்த பிறகுதான் விளங்கியது. ஆலை முதலாளியின் மகளுக்குக் கல்யாணம். குலை பழுக்க இளஞ்சூடு வேண்டும். கயிறும் களிமண்ணும் சுற்றிய என் குழாயைவிட இதமான இடம் ஊரில் இல்லை. கழுத்துக்கும் முதல் தாங்கிக்கும் நடுவே பதினாலு குலைகள் தொங்கின. எனக்குத் தந்த கல்யாணப் பத்திரிகையின் பின்புறத்திலேயே மறுபடி கணக்குப் போட்டேன். கழுத்தோரம் பாரம் எல்லை மீறியிருந்தது.

முதலாளியிடம் சொன்னேன். இதுவரை உடையாத குழாய் இனிமேலா உடையப் போகிறது என்றார். பிறகு என் கையெழுத்திருந்த பழைய தாளை எடுத்து நீட்டினார். "சரிண்ணு ஒப்பிட்டது நீருதான வேய்?"

தாளை வாங்கி மடித்தேன். என் கணக்கு தப்பு என்று நானே சொன்னால் பட்டறையில் வேலை இருக்காது. சொல்லாவிட்டால் அந்தக் கழுத்துக்கு மூன்றடி தள்ளி நாள் முழுக்க நிற்கிறவன் நீ. முதலில் வேலையைத்தான் நினைத்தேன் என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன். உனக்கு அப்போதே தெரிந்திருக்கும்.

நீ துண்டை உதறித் தோளில் போட்டாய்.

"மொதலாளி, நான் நிக்கிற எடத்துல நீங்க செத்த நில்லுங்க. நான் தீயக் கூட்டுதேன்."

குரலில் மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை. அவரும் நின்றார். அழுத்தமானியின் முள் கொஞ்சம் ஏறியது. அவர் கழுத்தைப் பார்த்தார், குலைகளைப் பார்த்தார், பிறகு வாசலைப் பார்த்தார்.

"பழம் பதமாயாச்சு. எறக்குங்கலே."

குலைகள் பச்சைப்பசேல் என்று இருந்தன.

இறக்கியதும் கரியைத் துடைத்துக் கழுத்தைச் சோதித்தேன். ஒரு கீறல்கூட இல்லை. அதனால், இரண்டு மடையன்கள் சேர்ந்து கல்யாணப் பழத்தைக் கெடுத்தார்கள் என்று முதலாளி கடைசிவரை சொல்லிவந்தார். வெடிக்காத கொதிகலனுக்குச் சாட்சி கிடைப்பதில்லை. பந்தியில் பழம் துவர்த்தது. நீ மட்டும் இரண்டு தின்றாய்.

பல வருஷம் கழித்து உன்னைக் கொண்டுபோனது வெறும் காய்ச்சல். நீராவிக்கு அதில் பங்கில்லை.

நான் இன்றும் கணக்குப் போடுகிறேன். தாளோடு ஆலைக்குப் போய், தீ போடுகிறவன் நிற்கும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்று மேலே பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து. அங்கே நின்றபடியே போடுவதால் இப்போதெல்லாம் அது அவ்வளவு அழகாக விழுவதில்லை.