காகிதப்பூக் கொடிக்குப் போர்த்திய போர்வை

அன்பு எலோடியா,

நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? அத்தையின் இருமல் எப்படி இருக்கிறது?

இங்கே டூசானில் பிப்ரவரியிலேயே வெயில் சுட்டது. பனியில் கருகிய காகிதப்பூக் கொடியை, வேலை செய்யும் வீட்டின் சுவரோரம் ஒட்ட வெட்டினேன்.

"மெஸ்கீட் மரம் இன்னும் துளிர்க்கலையேப்பா?" என்றார் வீட்டுக்காரம்மா.

"நான் சோனோராக்காரன். பாலைவனத்தை எனக்கே சொல்லித் தர்றீங்களா?" என்று சிரித்தேன்.

மெஸ்கீட் துளிர்த்தால்தான் பனி ஓய்ந்ததென்று அர்த்தம்; அதுவரை நம் ஊரில் யாரும் கத்தரியைத் தொடமாட்டார்கள். தெரிந்தேதான் வெட்டினேன்.

அந்த வாரமே உறைபனி இறங்கியது. உயிருள்ள தண்டைக் காத்துக் கிடந்த கருகிய இலைகளை நான்தான் உருவிப் போட்டிருந்தேன். நீ பின்னித் தந்த போர்வையை ஓடிப் போய்ப் போர்த்தினேன். கொடி பிழைக்கவில்லை.

ஏப்ரலில் அந்தச் சுவர் முன்னால்தான் வீட்டுக்காரம்மாவின் மகளுக்குக் கல்யாணம். "வேற பூ வச்சுக்கலாம், விடுப்பா" என்றார். திட்டியிருக்கலாம்.

முடிந்தால் இன்னொரு போர்வை அனுப்பு. பழையது கிழியவில்லை, பயப்படாதே. கொடி மேலிருந்து அதை எடுக்கத்தான் எனக்குக் கை வரவில்லை.

வேலைக்குப் போக வண்டி வந்துவிட்டது.

உன்
நிக்கானோர்