டீக்கறை பட்ட மகஜர்

சப் ஜெயில், திண்டிவனம்
9.6.1978

பிரியமுள்ள மச்சான் லியாகத் அலிக்கு,

நான் சுகம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். நீயும் ஷம்சாத்தும் சுகமாயிருந்தால் போதும். இங்கே குழம்பில் உப்பே கிடையாதுடா. உப்பளத்துக்காரனுக்கென்றே தனியாகச் சமைக்கிறார்கள் போல.

உப்பளத்துக்குத் தண்ணீர் இறைக்கிற இன்ஜினில் பித்தளைச் சாமான் காணாமல் போனால், இன்ஜின் ஓட்டுகிற என்னைத்தானே பிடிப்பார்கள்? அடி தாங்காமல் நான்தான் எடுத்தேன் என்று சொல்லிவிட்டேன். வெட்கமாயிருக்கிறது. என்னோடு இருக்கும் தட்சணாமூர்த்தி, வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவர். "போலீஸ்கிட்ட ஒத்துக்கிட்டது கோர்ட்ல செல்லாதுப்பா. நீ உப்புக் குவியலத் தோண்டி சாமான எடுத்துக் குடுத்தேன்னு மகஜர் எழுதியிருப்பாங்க. அதுல கையெழுத்துப் போட்ட சாட்சி சொல்றதுதான் கேஸே" என்கிறார். நான் எதையும் தோண்டவில்லை. எந்தப் புண்ணியவான் பார்த்தானோ, விசாரித்து எழுது.

உன்
தேசப்பன்

மரக்காணம்
14.6.1978

மச்சான்,

தபாலில் போட பயந்து, உன் பெண்டாட்டி பாஞ்சாலை கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். அவளுக்குப் படிக்கத் தெரியாதது நல்லதாய்ப் போயிற்று. அந்தப் புண்ணியவான் நான்தான்.

கடையில் கூட்டமான நேரம். போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர், "பாய், வழக்கம்போல ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று ஒன்றும் எழுதாத தாளை நீட்டினார். ஸ்டேஷன் பக்கத்தில் டீக்கடை வைத்திருப்பவன் எத்தனையோ தடவை போட்டிருக்கிறேன். யார் கேஸ் என்று ஒருநாளும் கேட்டதில்லை. பால் பொங்குகிறதே என்று கிளாஸை அந்தத் தாள் மேலேயே வைத்துவிட்டு ஓடினேன். அதற்குத் திட்டும் வாங்கினேன். உன் தலையெழுத்தில் கைவைக்கிறேன் என்று தெரியவில்லையே. சோறு இறங்கவில்லை மச்சான்.

கோர்ட்டில் நடந்ததை அப்படியே சொல்வேன். அல்லா மேல் ஆணை.

லியாகத்

சப் ஜெயில்
2.7.1978

டேய் லியாகத்,

முதலில் கோபம் வந்தது. அப்புறம் சிரிப்பு. வேறு யாராவது சாட்சியாக இருந்தால் காலில் விழ வேண்டியிருக்கும்.

கேஸ் நகல் காசில்லாமல் கொடுத்தார்கள். அது நம் உரிமையாம். அதில் என் பெயருக்குப் பக்கத்தில் 'எதிரி' என்று போட்டிருக்கிறது. யாருக்கடா நான் எதிரி? வக்கீல் இல்லாவிட்டாலும் சாட்சியை நானே கேள்வி கேட்கலாமாம். "லியாகத் அலி அவர்களே, நீங்க" என்று சொல்லிப் பழகுகிறேன், வாய் வரமாட்டேன் என்கிறது. நீ கோர்ட்டில் சிரித்துத் தொலைக்காதே.

ஆவணிக்குள் வீட்டுக்கு வந்துவிடுவேன் என்று பாஞ்சாலையிடம் சொல்.

தேசப்பன்

மரக்காணம்
28.7.1978

மச்சான்,

துபாயில் சின்ன மாமா எனக்கு வேலை பார்த்து வைத்திருப்பது உனக்குத் தெரியும். பாஸ்போர்ட் விசாரணைக் காகிதம் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டது. ரைட்டர் அதை மேஜைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, "மொதல்ல அந்தக் கேஸ் நல்லபடியா முடியட்டும் பாய்" என்கிறார். ஷம்சாத்துக்கு ஏழு மாதம். கடையும் முன்னைப்போல் இல்லை.

நான் என்ன செய்யட்டும்? நீயே சொல். பதில் போடு.

லியாகத்

சப் ஜெயில்
1.9.1978

மதிப்பிற்குரிய லியாகத் அலி அவர்களுக்கு,

ஆறு மாதம் போட்டிருக்கிறார்கள். நாளைக்குக் கடலூர் ஜெயில். தட்சணாமூர்த்திக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது, இதை அவர் கொண்டுவருவார்.

நீங்கள் கேட்டதற்கு நான் பதில் போடவில்லை. ஆணையிட்டதை நான் சொல்லியா நீங்கள் செய்ய வேண்டும் என்று இருந்துவிட்டேன். "எதிரி தோண்டி எடுத்துக் கொடுத்தார், நேரில் பார்த்தேன்" என்று கூண்டில் சொன்னீர்கள். என் பக்கம் திரும்பவே இல்லை.

பிறகு மகஜரை என்னிடம் காட்டி, சாட்சியைக் கேள்வி கேட்க வேண்டுமா என்றார் மாஜிஸ்ட்ரேட். உங்கள் கையெழுத்துக்குக் கீழே டீ கிளாஸ் வைத்த வட்டக் கறை அப்படியே இருக்கிறது. உப்பளத்து நடுவில் டீ கிளாஸ் எப்படி வந்தது? அந்த ஒரு கேள்வி போதும். நான் வெளியே வந்திருப்பேன், பொய்ச் சாட்சிக்கு நீங்கள் உள்ளே போயிருப்பீர்கள். வராந்தாவில் ஷம்சாத் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கேள்வி இல்லை என்று சொல்லிவிட்டேன்.

பெருமைக்காக எழுதவில்லை. வேனில் ஏற்றும்போது பாஞ்சாலை, "நீ எடுக்கலேன்னா ஏன்யா ஒண்ணும் கேக்காம நின்னே?" என்று அழுதாள். அவளும் நான் திருடன் என்றே நம்பிவிட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நல்லபடியாக துபாய் போய்ச் சேருங்கள். குழந்தை பிறந்தால் எனக்கு எழுத வேண்டாம்.

உங்களை 'நீங்கள்' என்று எழுத ஆரம்பத்தில் கை வரவில்லை. இவ்வளவு எழுதியதில் பழகிவிட்டது.

இப்படிக்கு,
தேசப்பன்