வட்டம் பெரிய மாத்திரை

பசறை
12.08.1978

அன்பு மகன் ஹுமைதுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். குவைத் வெயிலிலும் அல்லாஹ் உன் உடம்பைக் குளிர்மையாக வைத்திருக்க துஆ செய்கிறேன். இங்கே நாங்கள் சுகம், உன் தங்கச்சி பலீலாவும் இப்போது சுகம். அதை முதலில் எழுதாவிட்டால் மீதியை வாசித்துப் பதறிப்போவாய்.

அவளுக்குச் சிறுநீரில் கிருமி தொற்றிக் குளிர்காய்ச்சல் வந்தது. எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று பார்க்க, பதுளை ஆய்வுகூடத்தில் கிருமியைத் தட்டில் வளர்த்து, மருந்து தோய்த்த சின்னக் கடதாசி வில்லைகளை வைத்தார்களாம். மருந்து எட்டும் இடத்தில் கிருமி முளைக்காமல் வெற்று வட்டம் விழுமாம். முடிவை வாங்கப் போனவர் உன் வாப்பா. அங்கே வேலை செய்யும் ஜௌபர் நம் கடை வாடிக்கையல்லவா, பெருமையாகத் தட்டையே காட்டியிருக்கிறார். வயதெல்லாம் துணி அளந்த மனிதரிடம் காட்டலாமா? கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து அளந்தே விட்டார். முடிவுத் தாளில் ஊசி மருந்துக்கு நேரே கேட்கும் என்றும், ஒரு மாத்திரைக்கு நேரே இடைநிலை என்றும் இருந்தது, ஆனால் மாத்திரையின் வட்டம்தான் அகலம். "அகலமா, பன்னா கூடின துணிதானே லாபம், இதுவும் அப்பிடித்தான். இடைநிலைண்டா ரெண்டாந்தரம், அதுவும் நல்லா உழைக்கும்" என்று தீர்ப்புச் சொல்லி, வார்டில் வைத்து ஊசி போடச் சொன்ன டொக்டர் சிவஞானத்திடம் ஒரு வார்த்தை கேட்காமல் பாமசியில் மாத்திரை வாங்கி வந்தார். அவள் விழுங்க விழுங்க உடம்பு எரிந்தது, இவர் கடையில் சேலையோடு சேர்த்து வைத்தியமும் விற்றார். கடைசியில் பிள்ளை என்னைப் பார்த்து நீங்க யாரு என்று கேட்டாள் மகன். அவரிடம் கேட்காமல் கார் பிடித்து, அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு பதுளைக்குப் போனேன்.

பின்னாலேயே வந்த உன் வாப்பாவிடம் டொக்டர், "சாரத்துக்கும் சட்டைக்கும் ஒரே அளவாவா வெட்டுவீங்க முதலாளி? ஒரு மருந்துக்குச் சின்ன வட்டமே போதும், இன்னொண்ணுக்குப் பெரிய வட்டமும் பத்தாது. அதைப் பார்த்துத்தானே தாள்ல எழுதுறாங்க" என்றார். இடைநிலை என்றால் அளவைக் கூட்டிக் கொடுத்தால் ஒருவேளை கேட்கலாம், நம்பியிருக்க முடியாது என்றும் சொன்னார். ஊசி போட்டபின் காய்ச்சல் இறங்கி, உம்மா என்று கூப்பிட்டாள். நான் அழுதேன், உன் வாப்பாவும் அழுதார்.

அந்தக் கண்ணீர் காயுமுன்னே, மாத்திரை பாதி வேலையை முடித்து வைத்ததால்தான் ஊசி பிடித்தது என்று கடையில் சொல்லத் தொடங்கிவிட்டார்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும், தொழுகையை விட்டுவிடாதே. இன்னொன்று, இதைவிட வட்டம் பெரிய மாத்திரை குவைத்தில் கிடைத்தால் அனுப்பச் சொல்லி வாப்பா தனியாக எழுதுவார். அனுப்பிவிடாதே மகன். அடுத்த காய்ச்சல் எனக்கு வந்தால், கார் பிடிக்க இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்?

உன் உம்மா,
ரஹ்மத்தும்மா