மேல்மலைத் தண்ணீர் அறிக்கை

அன்புள்ள அப்பாவுக்கு, தாரணி வணக்கத்துடன் எழுதுவது. அங்கே ஆயக்குடியில் உங்கள் மூட்டுவலி குறைந்ததா? கொடைக்கானல் வரை வந்தும் வீட்டுக்கு வராமல் ஐதராபாத் திரும்பிவிட்டேன், கோபப்படாதீர்கள்.

தடுப்பூசிக் கம்பெனிக்கு இயக்குநரானதும் கொடைக்கானல் மேல்மலையில் இலவசத் தண்ணீர்ப் பரிசோதனைக்கூடம் திறந்தேனே, அங்கே சின்னக் கலாட்டா. ஓடையில் கழிவு விடும் விடுதி முதலாளியின் ஆட்கள், "எல்லாத்தையும் நொறுக்குங்கடா!" என்று கம்பியோடு புகுந்தார்கள். ஓடைத் தண்ணீர் கெட்டுப்போனதைக் காட்டும் எங்கள் அறிக்கையைப் பிடுங்க வந்தவனை மறித்தேன். என் மணிக்கட்டு முறிந்தது, நெற்றியில் ஆறு தையல். அங்கே வேலை பார்க்கும் தெரசம்மாள் கொதிக்கும் தண்ணீரை அவன் முகத்தில் வீசி, "வெரசா ஓடுங்க மேடம்!" என்று கத்தினாள். இருவரும் தப்பினோம். அறிக்கை கலெக்டரிடம் சேர்ந்து, விடுதிக்குச் சீல் வைத்துவிட்டார்கள்.

வேறொன்றுமில்லை. ஒரு கையால் தலை பின்ன வரவில்லை. அம்மாவை ஒரு வாரம் அனுப்பி வையுங்கள். மீட்டிங்குக்கு அழைக்கிறார்கள்.

உங்கள் மகள்,
தாரணி